சென்டரில் நிற்பவள்

ஆரணியில் பேஸ்பாலா என்று கேட்டுவிட்டுச் சிரிக்காத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சிரிக்கட்டும். ஆரணி என்றால் பட்டுப்புடவை, அரிசி, இதைத் தாண்டி ஒன்றும் இருக்கக் கூடாது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்ன? எழுபதுகளில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் ஆடினோம். எண்பதுகளில் அதே மைதானத்தில் நானே கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கற்றுக்கொடுத்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில் அங்கே ஒருத்தி நின்றுகொண்டே இருந்தாள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் மெட்ராஸ் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த பி.டி. டீச்சர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு தோல் கையுறை, மண்டைக்குள் கொஞ்சம் விதிமுறை, அவ்வளவுதான். மட்டையும் பந்தும் ஊரிலேயே செய்துகொண்டோம். தறிக்குச் சட்டம் செய்யும் ஆசாரியிடம் மட்டை செதுக்கக் கொடுத்தோம். அவர் அழகாகச் செதுக்கிவிட்டு, பழக்க தோஷத்தில் முனையில் கயிறு கோக்க ஓட்டையும் போட்டுவிட்டார். கேட்டால், "ஓட்ட இல்லாம இது இன்னாத்துக்கும்மா ஒதவும்?" என்கிறார்! பந்துக்குள் நாங்கள் சுற்றியது கழிவுப் பட்டு. தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிச் சுற்றிப் பழகிய விரல்கள் எங்களுடையவை. நூலை எவ்வளவு இழுக்கலாம், எங்கே அறும் என்று விரலுக்கே தெரியும். ஈரத்தோடு இறுக்கிச் சுற்றி வெயிலில் வைத்தால் கல்லாகிவிடும். மேலே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்பு தைப்பவர் தோல் வைத்துத் தைத்துக் கொடுப்பார். என் அப்பா அந்தப் பந்தை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "கிட்டிப்புள்ளுக்கு பேன்ட்டு மாட்டிவுட்ட மாதிரி கீது ஒங்க ஆட்டம்" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து கழிவு நூலைத் தனியாக ஒரு பையில் போட்டுவைத்தார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருத்தி பந்தை எறிவாள். எதிர் அணிக்காரி மட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடி வருவாள். ஒன்பது பேர் நின்று தடுப்பார்கள். அதில் எல்லோருக்கும் பின்னால், நட்டநடுவில், தூரத்தில் தனியாக ஒருத்தி நிற்பாள். அவள்தான் சென்டர். அடிப்பவளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு பந்தைப் பிடிப்பவள் கேட்சர். அது நான். மற்ற எல்லோருக்கும் பாதி மைதானம் முதுகுப் பக்கம் போய்விடும். கேட்சருக்கு மட்டும்தான் முழு மைதானமும் கண்முன்னால் இருக்கும், அதுவும் சென்டர் நேர் எதிரே. ஆகவே இரண்டு வருஷம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஆடினேன்.

அவளும் நானும் ஒரே தெரு, ஒரே பெஞ்சு. கால் நீளம், வாய் அதைவிட நீளம். பந்து எங்கே உயர்ந்தாலும், அது எவளுடைய பந்தாக இருந்தாலும், "எனக்கு! எனக்கு!" என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். மற்றவர்கள் திட்டுவார்கள். நானே ஒருநாள், "ஏண்டி, ஊர்ல கீற பந்தெல்லாம் ஒங்க அப்பன் வூட்டு சொத்தா?" என்று கேட்டேன். "ஆமா, இன்னா இப்போ?" என்று கையுறையை என் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனாள். ஒரே கையுறைதானே, அது அவள் கையைவிட்டு வராது. பேராசைக்காரி. அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒன்பதாம் வகுப்பு மழைக்காலத்தில் அவளுக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கண் மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போனார்கள். திரும்பிவரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஆடப் போனபோது சென்டரில் யாரும் நிற்கவில்லை. கூடிப் பேசி முடிவு செய்ததல்ல. எட்டுப் பேரும் நெசவாளர் வீட்டுப் பெண்கள், எட்டுப் பேருக்கும் அது தானாகவே வந்தது. அது ஏன் என்று புரிய, எங்கள் தெருவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

தறியில் பாதிப் புடவை இருக்கும்போது நெய்கிறவர் செத்துப்போனால், அந்தத் தறிக்குழியில் வேறு யாரும் சட்டென்று காலை விட்டுவிட முடியாது. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று கணக்கு. வேலை பாதியில் நிற்கிறதே, எப்படி எழுந்திருப்பார்? அந்த வீட்டு மனுஷர் ஒருவர் குழியோரம் நின்று, "எழுந்துருங்க, மீதிய நாங்க நெய்ஞ்சிக்கறோம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருந்து, வாசலுக்குப் போய் ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் அடுத்தவர் உட்காரலாம். சொந்த மனுஷர் சொல்லாமல் ஊரே சொன்னாலும் செல்லாது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது எதிர்வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டம்மா குழியோரம் சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசல் ஓரமாக ஒதுங்கினார். உள்ளிருந்து யாரும் வரவில்லை. ஆனால் வாசற்படியில் குந்தியிருந்த கோழி, மிதிபடப் போவது போலப் படபடவென்று விலகி ஓடியது. நான் என் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அவள் பாதி ஆட்டத்தில் போனவள். சென்டரில் அவளை எழுந்திரு என்று சொல்ல வேண்டியவர் அவள் அம்மா. அத்தை என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். அவரிடம் போய் யார் கேட்பது?

அத்தை தானாகவே ஒருநாள் மைதானத்துக்கு வந்தார். காலையிலிருந்து தறியில் உட்கார்ந்துவிட்டு, நாலரை மணிக்குக் குழாயடிப் பக்கத்துச் சிமென்ட் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சென்டரைப் பார்த்தார். இருட்டும் வரை பார்த்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். பிறகு வராத நாளே இல்லை. ஊரில் மறை கழண்டுவிட்டது என்று சொன்னார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அரிசி விலை கேட்டால் சரியாகச் சொல்வார், யார் வீட்டுக் கல்யாணம் ஏன் நின்றது என்று எல்லாம் தெரியும். மகள் அங்கே நிற்கிறாள், பார்த்துவிட்டுப் போகிறேன் என்பது மட்டும்தான். அதையும் அழாமல், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கிறவர் மாதிரி சாதாரணமாகச் சொல்வார்.

அடுத்த வருஷம் பி.டி. டீச்சர் மாற்றலாகிப் போனார். ஆட்டம் நின்றது. கையுறை ஸ்டோர் ரூமில் பூசணம் பிடித்தது. எனக்கு மட்டும் பைத்தியம் விடவில்லை. வீட்டில் டைப்ரைட்டிங் படி என்றார்கள், நான் சண்டை போட்டு மெட்ராசுக்குப் போய் உடற்கல்வி படித்தேன். அங்கேதான் உண்மையான பேஸ்பால் பந்தைத் தொட்டேன். ஒருநாள் தையல் பிரிந்த பந்து ஒன்றைக் கிழித்துப் பார்த்தால், உள்ளே சுற்றிச் சுற்றி நூல்! ஆரணியில் நாங்கள் கண்டுபிடித்தது என்று நினைத்தோமே, ஊர் உலகமே அப்படித்தான் செய்கிறது. ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அதே பள்ளிக்கூடத்துக்கு பி.டி. டீச்சராக வந்தேன். முதல் நாள் மாலை மைதானத்தில் கால் வைத்தேன், அத்தை பெஞ்சில் இருந்தார். தலை பாதி நரைத்திருந்தது.

"வந்துட்டியா டீச்சரம்மா? நல்லா வையி ஆட்டத்த. பொழுது போவாம நின்னுகினு கீறா" என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை.

புதுப் பெண்களைச் சேர்த்தேன். எல்லாம் நெசவுத் தெருக்களிலிருந்து வந்தவர்கள். அவள் போனபோது இவர்களுக்குப் பால்பல் விழுந்திருந்தால் அதிகம். யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்தான் எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கையில்லை என்று காலேஜ் முழுக்க வீராப்புப் பேசியவளாயிற்றே, வேண்டுமென்றே ஒருத்தியைச் சென்டரில் நிற்கவைத்தேன். இரண்டு பந்து போவதற்குள் இடது பக்கம் நகர்ந்துவிட்டாள். விசிலடித்து மறுபடி நடுவில் நிற்கவைத்தேன். மறுபடி நகர்ந்தாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

"காலு நிக்காதா ஒனக்கு? எங்க போற?"

"அங்க ஆளு நிக்கிறாங்க டீச்சர்" என்றாள்.

"யாரு?"

"தெர்ல. ஒதுங்கச் சொன்ன மாதிரி இருந்திச்சி, ஒதுங்கிட்டேன்."

அதைச் சொல்லும்போது அவளுக்குப் பயமே இல்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஆள் வருகிறது என்று சொல்வது போலச் சொன்னாள். பயந்தது நான்தான்.

பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். சென்டர் பக்கம் அடிக்கிற பந்து எதுவும் பின்சுவர் வரைக்கும் போவதில்லை. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் உருண்டுபோய் அந்த இடத்தில் நின்றுவிடும். மழைத்தண்ணீர் தேங்கிப் பள்ளமாகியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு வண்டி மண் அடித்து மேடாக்கினேன். மேடேறி நின்றது பந்து. சுவருக்கு அந்தப் பக்கம் ரைஸ் மில். உமி எரிக்கிற கரித்தூள் காற்றில்லாத நாளில் மைதானம் பூராவும் கறுப்பாக இறங்கும், எங்கள் வெள்ளைச் சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாகும். அப்படிப்பட்ட நாளில் அங்கே போய்ப் பார்த்தேன். சுற்றிலும் கரி. நடுவில் இரண்டு கால் வைக்கிற அளவுக்கு மண் சுத்தமாக இருந்தது. தடம் சின்னது. பதின்மூன்று, பதினான்கு வயதுக் கால்.

அங்கேயே நின்று, "எப்படி கீறடி?" என்று கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு ஓடியிருப்பேன்.

எட்டுப் பெண்களை வைத்து ஆடிக்கொண்டிருந்தவரை இது ஒரு பிரச்சினையாக இல்லை. அத்தை பெஞ்சில், அவள் சென்டரில், எட்டுப் பேர் எங்களிடம். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அப்போதுதான் வேலூரில் பள்ளிக்கூடங்களுக்குள் போட்டி வைக்கிறோம், வருகிறீர்களா என்று கேட்டார்கள். பெண்கள் துள்ளினார்கள். களத்தில் ஒன்பது பேர் நிற்காவிட்டால் ஆட்டமே கிடையாது.

ஒன்பதாவதாக ஒருத்தி கிடைத்தாள். ரைஸ் மில்லில் நெல் காயவைக்கிற கூலிக்காரரின் மகள். தறி, குழி, வழக்கம் எதுவும் தெரியாது. களத்தில் நெல்லைக் கிளறிக் கிளறி இரும்பாகிய கை. அவள் எறிந்தால் பந்து விசிலடித்துக்கொண்டு வரும். சென்டரில் நில் என்றேன், போய் நின்றாள். நகரவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஒரு வாரம் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் வர்ல டீச்சர் வேலூருக்கு."

"ஏன், இன்னா பேஜாரு?"

"எனக்கு வர்ற பந்த வேற யாரோ புடிச்சிக்கறாங்க. நேரா என் கைக்குத்தான் வருது. கிட்ட வந்ததும் இல்ல. பாத்தா கீழ கெடக்குது." கண்ணில் நீர் முட்டியது. "நான் நல்லாத்தான புடிக்கறேன்? எனக்கு ஒரு பந்துகூட குடுக்க மாட்டேங்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை. செத்தும் திருந்தவில்லையே, பேராசைக்காரி! அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. இவள் நேர் எதிரே உயிரோடு நின்று அழுகிறாள். மில்லைத் தவிர எதையும் பார்க்காதவள், வேலூர் போகப் போகிறோம் என்று தாவணிக்கு நீலம் போட்டு வைத்திருப்பவள். வேறு வழியில்லை. அத்தையிடம் கேட்டே ஆக வேண்டும்.

அன்று மாலையே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"அத்த, அவள எழுந்துக்கச் சொல்லணும்."

அத்தை என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. "அவ ஒனக்கு இன்னா பண்ணா?"

"ஒரு பொண்ணு ஆடணும், அத்த."

"ஆடட்டும். மைதானம் இவ்ளோ பெருசு கீது. என் பொண்ணு நிக்கற எடந்தான் வேணுமா?"

"அந்த எடந்தான் வேணும்."

"அவள அனுப்பிட்டு நான் வூட்ல ஒக்காந்து இன்னா பண்ணுவேன்? நீ சொல்லு. நாள் பூரா தறி. நாலரை மணி எப்போ ஆவும்னுதான் நெய்யறேன். இத்தினி வருசம் அதுலதான் ஓடுது. அதையும் புடுங்கிக்குவியா?"

இவரிடமிருந்து எதைக் கேட்கிறேன் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் என் வாய் சும்மா இருக்காது.

"அவ அங்க கீறா, அத்த. நானும் பாத்துகினுதான் கீறேன். ஆனா யாரும் அவளுக்குன்னு ஒரு பந்து போடறதில்ல. அடுத்தவ பந்தத்தான் புடுங்கிகினு கீறா. அவ நின்னது ஆடறதுக்கு. இது ஆட்டமா?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு இருட்டும் முன்பே எழுந்து போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காலியான பெஞ்சைப் பார்க்கப் பார்க்க என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

போட்டிக்குச் சில நாள் இருக்கும்போது வந்தார். தலை குளித்து, தான் நெய்த பழைய புடவை ஒன்றைக் கட்டியிருந்தார். பெஞ்சுக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தார்.

"அவளுக்குன்னு ஒரு பந்து போடு" என்றார். "மொதல்ல அது. அப்பறம் சொல்றேன்."

பெண்களையெல்லாம் ஓரமாக நிற்கச் சொன்னேன். மைதானம் காலியானது. காற்று இல்லை. மில் சத்தமும் அந்த நேரத்தில் நின்றிருந்தது. நான் மட்டையை எடுத்து, பந்தைத் தூக்கிப்போட்டு, சென்டரைப் பார்த்து உயரமாக அடித்தேன். அவளுக்குப் பிடித்தது உயரப் பந்துதான். அது மேலே போய், கொஞ்சம் நின்று, நேராக அந்த இடத்தில் இறங்கியது. நாங்கள் இத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம், தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஒரு துளி தூசியும் கிளம்பவில்லை. பார்த்தால் பந்து மண்ணில் இருந்தது, யாரோ குனிந்து வைத்தது போல.

பின்னால் ஒரு பெண் விசும்பினாள். "சும்மா இரு" என்று அதட்டினேன்.

அத்தை மைதானத்தின் குறுக்கே நடந்துபோய் அங்கே நின்றார். அவர் பேசியது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நல்லா புடிச்சே. பாத்தேன். எழுந்துரு கண்ணு, மீதிய இந்தப் பொண்ணு ஆடிக்கும்."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கேட்டை நோக்கி நடந்தார். ஒரு கை உடம்பிலிருந்து சற்று விலகி, விரல்கள் மடங்கியிருந்தன. கேட்டுக்கு வந்ததும் தூணோடு ஒட்டி ஓரமாக ஒதுங்கினார். கேட்டை அடைத்துக்கொண்டு படுத்திருந்த வாட்ச்மேனுடைய நாய் எழுந்து, இரண்டடி நகர்ந்து, மறுபடி படுத்தது. அப்புறம் அத்தையும் வெளியே போனார்.

மில் பெண்ணைச் சென்டருக்கு அனுப்பினேன். அவள் போய் நிற்பதற்குள் அவசரப்பட்டு ஒரு பந்தை அடித்துவிட்டேன். அது அவளைத் தாண்டி, உருண்டு உருண்டு, பின்சுவரில் போய் டொக்கென்று இடித்தது. அந்தச் சத்தத்தை அத்தனை வருஷத்தில் அன்றுதான் கேட்டேன். மைதானம் வெறும் மைதானமாகிவிட்டது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது, விசிலை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். "ஜல்தி! ஓடுடி, பந்த எடு!" என்று அப்புறம் கத்தினேன்.

வேலூரில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். ஆனால் சென்டரில் மில் பெண் உயரப் பந்து ஒன்றைப் பாய்ந்து பிடித்தாள், எதிர் அணிக்காரிகளே கை தட்டினார்கள். அவள் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அத்தை மைதானத்துக்கு அப்புறம் வரவே இல்லை. எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கென்று அடித்த அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தறியில் இருந்தார். பலகையின் நடுவில் உட்காராமல் ஒரு ஓரமாக உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். முகம் நான் பயந்தது போல இல்லை, தெளிவாக இருந்தது.

"வா டீச்சரம்மா, உள்ள வா" என்று நூல் ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு எழுந்து வந்து பாயை விரித்தார்.

"மைதானத்துக்கு வர்றதே இல்லையே, அத்த?"

"அங்க வந்து யார பாக்கறது?" என்று சிரித்தார். பிறகு பாயின் ஒரு பக்கம் திரும்பி, "கொஞ்சம் நவுரு கண்ணு, டீச்சரம்மா ஒக்காரட்டும்" என்றார்.

நான் ஓரமாக இடம் விட்டு உட்கார்ந்தேன். பந்தை அந்த இடத்தில் வைத்தேன். மில் சங்கு ஊதும் வரை வேலூர் ஆட்டத்தைப் பற்றி இருவருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது பந்தைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.